மேல்முறையீடு: ஏற்காத சாட்சியமும் எண்ணாத நாட்களும்

கே: தீர்ப்பு வந்து 40 நாள் ஆகிறது. இனி மேல்முறையீடு செய்யலாமா?

ப: எந்தக் கோர்ட் தீர்ப்பு என்று எழுதாமல் கேட்டால் எப்படி? பொதுவாக, குற்ற வழக்கில் மாஜிஸ்திரேட் தீர்ப்பென்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனைக்கு 30தான். தீர்ப்பின் நகல் எடுக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் போனால் தாமத மன்னிப்பு மனு. முதலில் நகல் வாங்குங்கள்.

கே: சம்பவ நேரத்தில் அண்ணன் வேறு இடத்தில் இருந்ததைக் காட்டும் சிசிடிவி பதிவை நீதிபதி ஏற்கவில்லை. அது போதுமே விடுதலைக்கு?

ப: 'ஏற்கவில்லை' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். மனு போட்டுத் தள்ளுபடி ஆனதா, மனுவே போடவில்லையா? ஒருமுறை என்னிடம் வந்த கேஸ் கட்டில் பிரவுன் கவருக்குள் ஒரு பென் டிரைவ் கிடந்தது. கவர் மேல் சான்றாவண எண் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் அதைப் பற்றிப் பேச ஒரு சாட்சியும் இல்லை. மேல்முறையீட்டு நீதிபதிக்கு அப்படியொரு பதிவு இருப்பதே எப்படித் தெரியும்?

நகல் பதிவு என்றால், அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழ் வேண்டும்; புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) அது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த காலத்திலேயே, 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. இன்னமும் சான்றிதழ் இல்லாமல் வருகிறார்கள்! சரி, நீதிபதி தவறாகவே தள்ளினார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தவறு மட்டும் தீர்ப்பைக் கவிழ்க்காது. சாட்சியச் சட்டத்தின் 169ஆவது பிரிவுப்படி, அந்தப் பதிவு உள்ளே வந்திருந்தால் முடிவே மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 432ஆவது பிரிவின் கீழ் கூடுதல் சாட்சியம் கேட்டு மனு போடுங்கள். அன்றே ஏன் தரவில்லை என்பதற்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

கே: தண்டனை அறிவித்த அன்றே எங்களை ஐந்து நிமிடம்தான் கேட்டார்கள். பிழைதானே?

ப: அதே நாள் என்பது மட்டும் பிழையில்லை. தண்டனை பற்றிக் கேட்கவே இல்லையென்றால் பிழை. அப்போதும் குறையப்போவது தண்டனை, குற்றத் தீர்ப்பு அல்ல.

கே: ரிமாண்டில் இருந்த எட்டு மாதம் கணக்கில் வரவில்லை.

ப: பிஎன்எஸ்எஸ் பிரிவு 468படி அது தண்டனையில் கழியும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? அபராதம் கட்டாததற்கான சிறையில் மட்டும் அது கழியாது.

கே: மேல்முறையீட்டில் தண்டனை கூடிவிடுமா?

ப: உங்கள் மேல்முறையீட்டில் கூடாது. கூட்டச் சொல்லி அரசு தனியாக வந்தால் கூடலாம்.

கே: குற்றத்தை ஒப்புக்கொண்டேன், இப்போது மறுக்கலாமா?

ப: தண்டனையின் அளவையும் சட்டப்படி சரியா என்பதையும் மட்டும் கேட்கலாம். நகல் மனு போட்டாயிற்றா?