ஏரிப் பாசியில் நஞ்சு உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் கிடக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்த ஆசிரியர், மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி என்கிறார். ஆடு மாடுகள் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன. இது விஷப் பாசியா?

பதில்: ஆசிரியர் பெயரைச் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் நஞ்சு உண்டா என்பதை நுண்ணோக்கி காட்டாது. ஒரே ஏரியில் நஞ்சுள்ள மைக்ரோசிஸ்டிஸும் நஞ்சில்லாததும் கலந்தே மிதக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது. மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சை உண்டாக்க எம்சிஒய் என்ற தொகுதியைச் சேர்ந்த பத்து மரபணுக்கள் வேண்டும். நஞ்சில்லாத வகைகள் பலவற்றில் அந்தத் தொகுதியே கிடையாது. ஆய்வகத்தில் பெரும்பாலும் அந்தத் தொகுதியின் எம்சிஒய்-ஈ மரபணுவை, மரபணுத் துணுக்கைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர் முறையில் தேடுவார்கள். மொத்தப் பாசிக்குப் பொதுவான ஒரு மரபணுவையும் சேர்த்து எண்ணினால், நஞ்சுள்ளவை எத்தனை பங்கு என்பது தெரியும்.

மாதிரியைக் காற்று ஒதுக்கிய கரையோரப் பாசி ஆடையிலிருந்தும் நடு ஏரியிலிருந்தும் தனித்தனியாக எடுத்து, ஐஸில் வைத்து அன்றே ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். ஏரி நீரின் மட்குப் பொருட்கள் பி.சி.ஆரைத் தடுக்கும், அதனால் பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி சோதித்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மரபணு இருந்தால் நஞ்சு தயாரிக்கும் திறன் இருக்கிறது என்றுதான் பொருள். தண்ணீரில் நஞ்சு எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதற்கு, நஞ்சின் அளவையே நேராக அளக்கும் எலைசா பரிசோதனை வேண்டும். வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. எம்சிஒய் இல்லை என்று வந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். நரம்பைத் தாக்கும் அனாடாக்சின் போன்றவற்றுக்கு வேறு மரபணுக்கள். அவற்றையும் தேடச் சொல்லுங்கள்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் இந்தப் பாசி பெருகி, அந்த ஏரி நீரைக் குடிக்கும் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரைக் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்றார்கள். கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்றார்கள். சூட்டில் இந்த நஞ்சு அழியாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுப் பாசியைக் கொல்வதும் ஆபத்து: செல் உடைந்து, உள்ளிருந்த நஞ்சு அத்தனையும் தண்ணீரில் இறங்கிவிடும்.

முடிவு வரும்வரை மாடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக் கொடுங்கள். பாசி ஒதுங்கிய கரைப்பக்கம் அவற்றை விடவே வேண்டாம்.