வாசகர் கேள்வி-பதில்: அடுக்ககத்துக்கு ஒரு புத்தாண்டுத் தீர்மானம்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். ஒவ்வொரு ஜனவரியிலும் சங்கத்தில் பத்துத் தீர்மானம் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறோம். பொங்கல் போனதும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. இந்த வருடமாவது ஈரக்குப்பையை உரமாக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: ஒட்டிய தாளில் ஈரக்குப்பையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் அடித்துவிடுங்கள். 'சுத்தமாக வைத்திருப்போம்' என்று எழுதினால் அது யார் வேலையும் இல்லை. யார் பொறுப்பு, எந்தத் தேதியில் தொடக்கம், செலவு எந்தக் கணக்கிலிருந்து, எப்போது மறுபடி பேசுவது என்ற நான்கும் கூட்டக் குறிப்பேட்டில் ஏறினால்தான் அது நடக்கும்.

ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை ஈரக்குப்பை சேரும். எல்லோரும் முதல் நாளே பிரித்துத் தர மாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 15 கிலோ என்று திட்டமிடுங்கள். அதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் மும்மூன்று அடியாக, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகள் மூன்று போதும். குப்பை மக்க மக்க அமுங்கிக்கொண்டே வரும் என்பதால் ஒரு தொட்டி நிறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மூன்றாவது நிறையும்போது முதல் தொட்டிக்கு இரண்டு மாத ஓய்வு கிடைத்திருக்கும். அதைச் சலித்துச் செடிகளுக்குப் போடலாம். மேலே மழை படாமல் ஒரு தகரக் கூரை கட்டாயம்.

தினமும் கொட்டும் குப்பையின் கன அளவுக்குச் சமமாகக் காய்ந்த இலை வேண்டும். பெரும்பாலான குடியிருப்புகளில் திட்டம் படுப்பது இங்கேதான். தொட்டி கட்டிவிடுவார்கள், சருகு சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்குக் காலம் தோதாக இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் வேம்பு இலை உதிர்க்கும். அதைக் கூட்டி எரிக்க விடாதீர்கள். எரிப்பதைப் பார்த்தால் எங்களுக்கு மனசு பதறுகிறது. சாக்கு சாக்காகக் கட்டி வையுங்கள். போதாத மாதங்களில் தென்னைநார்த் தூள் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் வாரம் புளித்த மோரோ, பழைய மக்கிய உரமோ கொஞ்சம் தெளித்தால் மக்குவது சீக்கிரம் தொடங்கும். வாரம் இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று உள்ளே போகவில்லை என்று பொருள். சாம்பார், ரசத்தை வடிகட்டாமல் கொட்டுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். வெள்ளைப் புழு தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, மேலே இரண்டு அங்குலம் சருகு மூடினால் குறைந்துவிடும். மீன் முள், எலும்பு, தேங்காய் ஓடு, இளநீர்க் கூடு இதில் வேண்டாம். நாப்கின், டயப்பர் செய்தித்தாளில் சுற்றித் தனியாகப் போக வேண்டும். கிளறும் பணியாளருக்குக் கையுறையும் கூடுதல் சம்பளமும் முதல் மாதமே கொடுங்கள். அது அவருடைய பழைய வேலையோடு ஓசியாகச் சேர்ந்துகொள்ளும் வேலை அல்ல.

கேள்வி: மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் கூரையில் ஈரம். கேட்டால் 'எங்கள் வீட்டில் ஒழுகவில்லை' என்கிறார்கள். புது வருடத்தில் சண்டை இல்லாமல் தீர்க்க வழி உண்டா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உண்டு. யார் சொல்வது சரி என்ற பேச்சை விட்டுவிட்டு, இரு வீட்டாரும் சேர்ந்து நின்று சோதித்துப் பாருங்கள். மேல்வீட்டார் ஊருக்குப் போயிருந்தபோதும் சொட்டியதா? அப்படியானால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில்தான் சந்தேகம். அந்தக் குளியலறை வால்வை 24 மணி நேரம் மூடிப் பாருங்கள், ஈரம் தணியும்.

குளிக்கும்போது மட்டும் சொட்டினால் தரையைச் சோதியுங்கள். தரைத் தண்ணீர் வெளியேறும் குழியான நஹானி டிராப்பின் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது. கூடவில்லை என்றால் அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் விடுங்கள். இப்போது சொட்டினால் டிராப்பின் இணைப்பில் கோளாறு.

இடுக்கு என்றால் பழைய சிமென்டைச் சுரண்டி தண்ணீர் புகாத இடுக்குப் பூச்சான எபாக்ஸி கிரௌட் போட்டுப் பாருங்கள், உடைக்கிற செலவு மிச்சம். டிராப் என்றால் சுற்றியுள்ள டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும். அப்போது நீர்க்காப்புப் பூச்சைச் சுவரிலும் ஓர் அடி ஏற்றி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் வாட்டர் புரூஃப் பெயின்ட் அடிப்பது வீண். தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மேல்வீட்டின் உள்குழாய்ச் செலவு அவர்களுடையது. எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் செங்குத்துக் குழாய் என்றால் சங்கத்தினுடையது.

கேள்வி: வாடகைக்கு வந்து ஆறு மாதமாகிறது, யாரையும் தெரியாது. இந்த வருடம் எல்லோரிடமும் பழக வேண்டும் என்று நினைக்கிறேன்.
– வாசகி, கோவை

பதில்: உங்கள் தளத்து வீடுகளிலிருந்து தொடங்குங்கள். அலைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர், தனியாக இருக்கும் பெரியவர்களின் மருத்துவமனை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒப்புக்கொண்ட வீடுகள் மட்டும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். கேட்கப் போகிற சாக்கிலேயே பேச்சு ஆரம்பமாகிவிடும். தண்ணீர் மெயின் வால்வும் கரன்ட் மெயின் சுவிட்சும் எங்கே என்று காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுக்குழுவில் வாக்கு பெரும்பாலும் உரிமையாளருக்குத்தான். ஆனால் உரத் தொட்டி, தோட்டம் போன்ற வேலைக்குழுக்களில் குடித்தனக்காரர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: கீழ்த்தள கார் நிறுத்துமிடத்தைக் கட்டுநர் சிலருக்குத் தனியாக விற்றிருக்கிறார். செல்லுமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கட்டடத்தின் தூண்களுக்கு இடையே உள்ள கார் நிறுத்துமிடம், பொது இடம், வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஆகவே உங்கள் விற்பனைப் பத்திரத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அதுவரை, மீதமுள்ள இடங்களை இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று அளந்து, கோடு போட்டு, எண் எழுதி, குலுக்கல் முறையில் ஒரு வருடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.