ஆமைக்குக் கடல் தெரியாதா?

கேள்வி: ஆமைக் குஞ்சுகள் வழி தவறிப்போகின்றனவாம்; அதனால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரவு விளக்குகளை அணைக்க வேண்டுமாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவரும் உயிருக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாதா? பெண்களும் குழந்தைகளும் இருட்டில் நடப்பதா? (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: தெரியும். எப்படித் தெரிகிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கரைக்கு வரும் கடலாமையான பங்குனி ஆமை ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள் இட்டு மூடிவிட்டு, அன்றிரவே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. வழிகாட்டத் தாய் இல்லை. மணலின் சூட்டிலேயே பொரிந்த குஞ்சுகள், மேல்மணலின் சூடு தணியும்வரை அடியிலேயே காத்துக் கிடக்கின்றன. மணல் குளிர்ந்தால் இரவு வந்துவிட்டது என்று அவற்றுக்குப் பொருள். கூட்டமாக மேலே வந்ததும் வெளிச்சமான, தாழ்ந்த அடிவானத்தைத் தேடுகின்றன. விளக்கில்லாத கரையில் சவுக்குத் தோப்பும் மணல்மேடும் கருத்து நிற்கும். கடல் பக்கம் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பை நோக்கி ஓடுகின்றன. நீரில் இறங்கியபின் அலையை எதிர்கொண்டு நீந்துகின்றன. பூமியின் காந்தப்புலம்கூடக் கடலாமைகளுக்கு வழி சொல்கிறது: பெருந்தலை ஆமை என்ற இன்னொரு வகைக் கடலாமையின் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டு, சுற்றியிருந்த கம்பிச்சுருளால் காந்தப்புலத்தை மாற்றியபோது, அவை நீந்திய திசையும் மாறியது. இது அமெரிக்காவில் செய்து பார்த்த சோதனை.

இத்தனை நுட்பமான உயிர் ஓடிவரும் வழியில் உயர்கோபுர மின்விளக்கை நட்டது நாம்தான். நீங்கள் சொல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கடலைவிட வெளிச்சமான கரையை அது கண்டதே இல்லை. இப்போது வெளிச்சம் ஊர்ப்பக்கம் இருப்பதால் ஊர்ப்பக்கம் வருகிறது. சாலையில் நசுங்குகிறது, நாய்க்கும் காகத்துக்கும் இரையாகிறது, வெயில் ஏறியதும் காய்ந்து சாகிறது. அதன் அறிவில் எந்தக் குறையும் இல்லை.

வனத்துறையினரும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்களே என்பீர்கள். எல்லாக் குழிகளும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதோடு, வெளிச்சமான கரையைத் தாய் ஆமையே தவிர்க்கிறது.

பெண்களின் பாதுகாப்பு பற்றிக் கேட்டது நியாயம். அதை விட்டுக்கொடுக்க நானும் சம்மதிக்கமாட்டேன். நடைபாதைக்கு வெளிச்சம் வேண்டும், அலை விழும் மணலுக்கு எதற்கு? விளக்கைத் தாழ்த்தி, கடல் பக்கம் மறைப்பு வைத்து, ஒளியைப் பாதையில் மட்டும் விழச் செய்யலாம். வெள்ளை, நீல ஒளிக்கு இழுபடும் அளவுக்குக் குஞ்சுகள் செம்மஞ்சள், சிவப்பு ஒளிக்கு இழுபடுவதில்லை. முட்டையிட்டுப் பொரிக்கும் சில மாதங்களுக்காவது அந்த நிற விளக்குகளைப் போடலாம். இதை மாநகராட்சி செய்துகொடுக்காத காலத்தில் போலி மோதல் ஒன்றை நாம் உண்டாக்கிக்கொள்கிறோம்: ஆமையா, பெண்ணா என்று.

மாசி மாதத்தில் ஓர் இரவு, வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, விளக்குகள் முடியும் இடத்தைத் தாண்டி மணலில் சிறிது தூரம் செல்லுங்கள். கைப்பேசி விளக்கைப் போடாமல், கண் பழகும்வரை கால் மணி நேரம் நில்லுங்கள். கடல் எந்தப் பக்கம் என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.