மனத்தை லேசாக்கும் பெண்கள் நாவல்கள்: புதிய எழுத்தாளர்களைக் கண்டடைவது எப்படி? – கேள்வி பதில்

பெண்களின் வாழ்க்கையை நகைச்சுவையோடும் கனிவோடும் சொல்லும் ஆங்கில நாவல்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றில் புதிய எழுத்தாளர்களைத் தேடுவது குறித்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: சோஃபி கின்செல்லாவின் நாவல்களை எல்லாம் முடித்துவிட்டேன். ‘இவரைப் போலவே எழுதுபவர்கள்’ என்று பட்டியலில் வரும் நாவல்களை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஏன்?

அத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் கதைப்பொருளை வைத்தே தயாராகின்றன. உங்களுக்குப் பிடித்திருந்தது கதைப்பொருளாக இல்லாமல், கதை சொல்லும் குரலாக இருந்திருக்கலாம். அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல், ஒரு புத்தகத்துக்குள் நுழைய கதை, பாத்திரம், களம், மொழி என நான்கு வாசல்கள் உண்டு என்பார். நகைச்சுவை நாவலைப் பொறுத்தவரை நான்காவது வாசலே முதன்மையானது என்பது என் அனுபவம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வுக்கு வந்த பெண்ணின் புதுச் சட்டையில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு எழுத்தாளர் இதை அவளே சொல்வதாக எழுதுவார். அவள் அதைக் கையால் மறைப்பாள், கேட்பவரிடம் ஒரு சிறு பொய் சொல்வாள், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று சொல்வாள், மூன்று பக்கங்களுக்குள் தனக்குத் தெரியாத மொழியில் தான் புலமை பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்திருப்பாள். இன்னொருவர் அதே காட்சியைப் படர்க்கையில் எழுதுவார். எதிரில் இருக்கும் வயதான அதிகாரி விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல், மேசை இழுப்பறையிலிருந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைப்பார். இரண்டும் நகைச்சுவைதான். முதலாவது மனப் பதற்றத்திலிருந்து பிறக்கிறது. இரண்டாவது கவனிப்பிலிருந்தும் கனிவிலிருந்தும் பிறக்கிறது. உங்களை எது சிரிக்க வைக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த மூன்று நாவல்களைத் திறந்து, நீங்கள் வாய்விட்டுச் சிரித்த பக்கத்தை மறுபடி வாசித்தால் விடை அங்கேயே கிடைக்கும்.

இன்னொரு செய்தி. சோஃபி கின்செல்லா என்பது மேடலின் விக்கம் என்பவரின் புனைபெயர். விக்கம் என்ற பெயரில் அவர் ஏழு நாவல்கள் எழுதியிருக்கிறார். முதலாவது 1995இல் வந்தது. அவை பலருடைய பார்வையில் நகர்பவை, சற்று நிதானமானவை. அவற்றை வாசித்தால் உங்களுக்குப் பிடித்தது அந்த மனிதரின் கண்ணோட்டமா, கின்செல்லா என்ற பெயரில் அவர் கைக்கொண்ட துள்ளலான குரலா என்பது விளங்கிவிடும்.

கேள்வி: முதல் நாவல் எழுதுபவர்களை எங்கே தேடுவது? புகழ்பெற்ற பெயர்களே எங்கும் கண்ணில் படுகின்றன.

விருதுகளின் நெடும்பட்டியலைப் பாருங்கள். வென்றவரை மட்டும் பார்த்து நின்றுவிட வேண்டாம். பிரிட்டனில் 1960இல் தொடங்கப்பட்ட ரொமான்டிக் நாவலிஸ்ட்ஸ் அசோசியேஷன் என்ற காதல் நாவலாசிரியர் சங்கம் புதியவர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. அதில் தேறி முதல் நாவலை வெளியிடுபவர்களுக்கான ஜோன் ஹெசயான் விருதுப் பட்டியல், நீங்கள் கேட்கும் புதியவர்களை நேராகவே காட்டும். அதே சங்கத்தின் விருதுகளில் காதல் நகைச்சுவைக்கும் ஒரு பிரிவு உண்டு. பெண்கள் எழுதும் நகைச்சுவைக்கென்று நகைச்சுவைக் கலைஞர் ஹெலன் லெடரர் தொடங்கி, 2019இல் முதன்முறையாக வழங்கப்பட்ட காமெடி விமன் இன் பிரின்ட் பரிசின் பட்டியல்களும் நல்ல சுரங்கம். வென்ற புத்தகத்தை விட, பட்டியலின் நடுவில் இருந்த புத்தகங்களே எனக்கு அதிக மகிழ்ச்சி தந்திருக்கின்றன.

பலரும் புரட்டாமல் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: நாவலின் கடைசியில் வரும் நன்றியுரை. கைப்பிரதியை வாசித்துத் திருத்தம் சொன்ன எழுத்தாளத் தோழிகளின் பெயர்களும், இலக்கிய முகவரின் பெயரும், பதிப்பாசிரியரின் பெயரும் அங்கே இருக்கும். ஒருவருடைய எழுத்தை வாசித்து உதவும் தோழிக்குப் பெரும்பாலும் ஒத்த ரசனை இருக்கும். அதேபோல, ஒரு பதிப்பாசிரியர் தேர்ந்தெடுக்கும் நாவல்களில் அவருடைய ரசனை ஒலிக்கும். எனக்கு மிகவும் பிடித்த நாவல்கள் இரண்டிற்கும் ஒரே பதிப்பாசிரியர் என்பதை நன்றியுரையைப் படித்துத்தான் அறிந்தேன்; அவருடைய பெயரை வைத்துத் தேடியதில் மேலும் நான்கு எழுத்தாளர்கள் கிடைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் பின்னட்டையில் பிற எழுத்தாளர்கள் எழுதும் பாராட்டு வரிகளை நம்பலாமா?

வரியை நம்ப வேண்டாம், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பதிப்பகமோ ஒரே முகவரோ கேட்டு வாங்கிய வரிகளாக அவை இருக்கக்கூடும். ஆயினும், நீங்கள் ரசிக்கும் எழுத்தாளர் ஒருவர் ஐந்தாறு புதியவர்களைப் பாராட்டியிருந்தால், அந்த ஐந்தாறு பேரின் முதல் அத்தியாயத்தையாவது வாசித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

கேள்வி: என் தங்கை இவ்வகை நாவல்களை ‘ஆழமில்லாதவை’ என்கிறாள். லேசாகவும் இருக்க வேண்டும், வாசித்து முடித்ததும் மனத்தில் ஏதாவது தங்கவும் வேண்டும். அப்படி யார் எழுதுகிறார்கள்?

மேரியன் கீஸ். தயங்காமல் அவரிடமிருந்து தொடங்குங்கள். அயர்லாந்தைச் சேர்ந்த இவருடைய முதல் நாவல் 1995இல் வெளிவந்தது. வால்ஷ் குடும்பத்துச் சகோதரிகளைப் பற்றிய வரிசையில் ஒருத்தி போதைப் பழக்கத்திலிருந்து மீளும் மையத்தில் இருக்கிறாள். இன்னொருத்தி மன அழுத்த நோயோடு போராடுகிறாள். இவ்வளவு கனமான செய்தியைச் சொல்லும்போதும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் சிரிக்க வைக்கிறார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, மீட்பு மையத்தில் இருக்கும் அந்தப் பெண் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பது நமக்கு மெல்லத் தெரியவருகிறது. அந்த இடத்தில் நகைச்சுவை வெறும் அலங்காரமன்று. அவளுடைய மறைப்புக்கான கருவியே அதுதான். இதைச் செய்வதற்குப் பெரிய ஆற்றல் வேண்டும். தங்கையிடம் இவருடைய நாவல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அந்த வரிசையில் பெரும்பாலான நாவல்கள் தனித்து நிற்பவை.

கேள்வி: படுக்கையறைக் காட்சிகள் இல்லாத, ஆனால் சலிப்பூட்டாத நாவல்கள் வேண்டும்.

பின்னோக்கிப் போங்கள். நமக்குப் புதியவர் என்றால் இன்று எழுதுபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈ. எம். டெலஃபீல்ட் 1930இல் வெளியிட்ட நாட்குறிப்பு வடிவ நாவல், இல்லத்தரசி ஒருத்தி தன் அன்றாடச் சங்கடங்களைச் சுருக்கமான வரிகளில் பதிவு செய்வது. 1996இல் ஹெலன் ஃபீல்டிங் எழுதிய பிரிட்ஜெட் ஜோன்ஸின் நாட்குறிப்பைப் படித்து ரசித்தவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

பார்பரா பிம்மைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1950 முதல் 1961 வரை ஆறு நாவல்கள் வெளியிட்ட அவரை, 1963இல் அவருடைய பதிப்பகமே கைவிட்டது. அதன் பின் பல ஆண்டுகள் யாரும் அவரை வெளியிடவில்லை. 1977இல் டைம்ஸ் இலக்கிய இதழ், உரிய மதிப்பைப் பெறாத எழுத்தாளர்கள் யார் என்று பலரிடம் கேட்டபோது, கவிஞர் ஃபிலிப் லார்க்கினும் இலக்கிய விமர்சகர் டேவிட் செசிலும் தனித்தனியே அவருடைய பெயரைச் சொன்னார்கள். அதே ஆண்டு அவருடைய புதிய நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 1952இல் வந்த ‘எக்ஸலன்ட் விமன்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். எதுவுமே நிகழாதது போன்ற தோற்றத்துக்குள், எல்லோருக்கும் உதவி செய்யும் மணமாகாத பெண்ணை எல்லோரும் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை அவர் கோபமே இல்லாமல் காட்டுகிறார்.

ஜார்ஜெட் ஹெயரின் வரலாற்றுக் காதல் நகைச்சுவைகளும் உங்களுக்கு ஏற்றவையே. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 1950இல் வந்த ‘த கிராண்ட் சோஃபி’யில் யூத வட்டிக்கடைக்காரரைச் சித்திரித்திருக்கும் விதம் வெறுப்பு நிறைந்தது. அதைத் தவிர்த்து, 1953இல் வந்த ‘கொட்டில்லியன்’ நாவலை முதலில் எடுங்கள்.

கேள்வி: ஒரே நாவலை இரண்டு பெயர்களில் இரண்டு முறை வாங்கிவிட்டேன்.

இது அடிக்கடி நடப்பதுதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரே நாவல் வெவ்வேறு தலைப்புகளில் வருவதுண்டு. கின்செல்லாவின் முதல் ‘ஷாப்பஹாலிக்’ நாவலே அதற்குச் சான்று. பதிப்புரிமைப் பக்கத்தில் முந்தைய தலைப்பு பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா அண்மையில் அப்பாவை இழந்தார். இப்போது அவருக்கு லேசான நாவல் ஒன்று தர விரும்புகிறேன், அதில் மரணம் வரக்கூடாது. அட்டையைப் பார்த்து வாங்கிய ஒன்று அழ வைத்துவிட்டது.

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். பளிச்சென்ற வண்ணத்தில் சித்திர அட்டை போடுவது இன்று இத்துறையின் வழக்கமாகிவிட்டதால், அட்டையை வைத்து உள்ளடக்கத்தை ஊகிக்க முடிவதில்லை. எமிலி ஹென்றியின் 2020ஆம் ஆண்டு நாவலான ‘பீச் ரீட்’ கடற்கரைக் கோடையை அட்டையில் காட்டுகிறது. கதையோ தந்தையை இழந்த மகளிடமிருந்து தொடங்குகிறது. நல்ல நாவல்தான், ஆனால் உங்கள் அம்மாவுக்கு இப்போது உகந்ததன்று. ஸ்டோரிகிராஃப் தளத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசகர்கள் பதிந்த மனநிலைக் குறிப்புகளும், மரணம், நோய், துக்கம் போன்றவற்றுக்கான உள்ளடக்க எச்சரிக்கைகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த பின்னரே கொடுங்கள். முடிந்தால் நீங்களே முதலில் வாசித்துவிடுங்கள். துக்கத்தில் இருப்பவருக்குப் புத்தகம் தரும்போது அந்த உழைப்பு தகும்.

கேள்வி: ஒரு புதிய எழுத்தாளருக்கு எத்தனை பக்கங்கள் வரை பொறுமை காட்டலாம்?

ஐம்பது பக்கங்கள் என்பது நான்சி பெர்லின் கணக்கு. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் எண்ணிக்கையளவு படித்தால் போதும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நகைச்சுவைக்கு அவ்வளவும் தேவையில்லை என்பேன். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் முதல் நீண்ட உரையாடல் வரும் வரை படியுங்கள். அதில் இருவரும் ஒரே குரலில் பேசினால், அல்லது ஒவ்வொரு வேடிக்கையையும் ஆசிரியரே விளக்கிக்கொண்டிருந்தால், மூடி வைத்துவிட்டு அடுத்த எழுத்தாளரின் மாதிரிப் பக்கங்களுக்குப் போய்விடலாம்.