வன்னியில் வைத்து இடைக்கால மடாலயக் கொலைக்கதை எழுத முடியுமா?

கேள்வி இது: "ஐரோப்பியத் துறவி மடங்களில் நடக்கிற இடைக்காலக் கொலைக்கதைகள் மாதிரி, வன்னிக் கோயில் ஒன்றை வைத்து எழுதப் பார்க்கிறேன். எதில் தொடங்குவது?"

மடத்தை அப்படியே தூக்கி வந்து பாலை மரத்தடியில் வைக்காதீர்கள். அந்தக் கதைகள் அங்கியாலும் மெழுகுதிரியாலும் ஓடுவதில்லை, ஒழுங்கால் ஓடுகின்றன. ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள். நாளுக்கு எட்டு வேளைச் செபம், இராச்செபம் முடிந்தால் பேச்சில்லை. எந்த நேரம் எவர் எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், நிற்காதவர் உடனே பிடிபடுவார். கோயிலில் அது நடவாது. பூசை முடிந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே வன்னியில் கதையை அடைப்பது மதில் இல்லை, மாரி. கார்த்திகை, மார்கழியில் அருவியாறு பெருகினால் கடக்க வழியில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பாதையும் போய்விடும். அந்தப் பத்து நாளுக்குள் கொலையை வையுங்கள், வெளியாள் வந்தான் போனான் என்ற பேச்சே எழாது.

காலத்துக்கும் இடத்துக்கும் நான் சொல்வது மன்னார்ப் பக்கத்து மாதோட்டம், சோழர் ஆட்சி. இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்ட 1017இலிருந்து சோழர் வெளியேறிய 1070 வரை. பக்கத்தில் திருக்கேதீச்சரம், வாசலில் துறைமுகம், கோயில் கணக்கு முழுக்கத் தமிழில். சோழ அரசர் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடுவார்கள்: இராசேந்திரன் பரகேசரி, தகப்பன் இராசராசன் இராசகேசரி. இராசேந்திரன் பெயரில் பொய்ச்சாசனம் எழுதுகிறவன் பழக்கத்தில் 'கோவிராசகேசரி' என்று தொடங்கிவிட்டால் அந்த ஒரு சொல்லே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

துப்புக்கு, கோயிலில் அவியாமல் எரிய வேண்டிய நந்தாவிளக்கை விட நல்ல பொருள் இல்லை. சோழர் வழக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, 'சாவா மூவாப் பேராடு'. அதற்கு ஈடாக இடையன் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் அளவு குறையாது, குட்டியால் ஈடுகட்டுவது அவன் பாடு. ஓர் உழக்கு 60 நாழிகைக்கு, அதாவது ஒரு முழு நாளுக்கு, எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உதயத்தில் நிறைத்த விளக்கு இரவில் அவிந்து, அரை ஆழாக்கு நெய் மிஞ்சிக் கிடக்கிறது. அரை ஆழாக்கு என்றால் கால் உழக்கு. எரிந்தது 45 நாழிகை, அவிந்தது நடுச்சாமம். விடியும்வரை விளக்கு எரிந்ததைக் கண்டேன் என்கிறவர் பொய் சொல்கிறார், இல்லையேல் இடையில் யாரோ நெய் வார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு பிழைக்கும் இடங்களும் உண்டு. திரியைத் தடிப்பாகத் திரித்தால் நெய் கெதியாக இறங்கும். இன்னொரு திரி போட்டால் ஏறத்தாழ அரை நாளில் முடியும். மார்கழிக் குளிரில் அவிந்த விளக்கின் நெய் உறைந்துவிடும். விடியற்காலை நெய் இளகியே இருந்தால் விளக்கு அவிந்து கனநேரம் ஆகவில்லை. முதலில் கணக்கை நம்பவைத்து, பிறகு திரியைக் காட்டி உடைத்தால் வாசகர் ஏமாந்ததாக நினைக்கமாட்டார். திரியை மட்டும் முன்னமே ஓர் இடத்தில், கவனிக்காத மாதிரி, காட்டிவிட வேண்டும்.

பிணம் கிடக்கும் இடம் பற்றியும் ஒன்று. கோயிலுக்குள் சாவு விழுந்தால் தீட்டு. பரிகாரக் கிரியை முடியாமல் பூசை இல்லை, பூசை நின்றால் கோயில் ஆட்களுக்கு அளக்கும் படியும் நிற்கும். அதனால் குற்றமே செய்யாதவர்கள் கூடிப் பிணத்தைக் குளக்கட்டுக்குத் தூக்கிப்போய் துருசடியில் (மதகடியில்) போடுவார்கள். வாசகர் அதைச் செய்தவரைக் கொலைகாரன் என்று நினைப்பார். துப்பறிகிறவரைக் கருவறைக்குள் போக உரிமையில்லாத ஆளாக வையுங்கள், கணக்கெழுதுகிற பெடியன் போதும். உள்ளே கிடந்ததை அவன் பூசகர் வாயாலேதான் அறிய முடியும்.

ஓலையைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் மையைத் தொட்டு எழுதவைக்கிறார்கள். எழுத்தாணியால் கீறி, பிறகுதான் கரி பூசித் துடைப்பது. பூசாத ஓலை தூரத்துக்கு வெற்றோலை போலவே தெரியும். அதோடு ஏட்டில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடமாட்டார்கள், குறில் நெடில் ஒகரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஓலை முறிந்து 'கொல' என்பது மட்டும் மிஞ்சினால் அது 'கொல்'லா, அளக்கிற 'கோல்'லா? காணித் தகராறு ஓடும் ஊரில் இரண்டும் பொருந்தும். இந்தத் துப்பு இலத்தீனில் எழுதுகிறவனுக்குக் கிடைக்காது.

சமையலில் மிளகாய், தக்காளி, வாயில் சுருட்டு எல்லாம் வெட்டுங்கள், அவை 1505க்குப் பிறகு பறங்கியர் வந்த காலத்துச் சரக்கு. உறைப்புக்கு மிளகு. நஞ்சென்றால் உடனே மஞ்சள் அலரிக்குப் போவார்கள். அதுவும் அமெரிக்கப் பக்கத்துச் செடி, அந்த நாளில் இங்கே கிடையாது.

முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் எரிகிற விளக்கையும் கதைக்குள் இழுக்கத் தோன்றும். இழுங்கள், ஆனால் உங்கள் பெடியன் அதன் மர்மத்தை அவிழ்க்க வேண்டாம். அவன் கும்பிட்டுவிட்டு அடுத்த சாட்சியைத் தேடிப் போகட்டும்.