வாசகர் கேள்விகள்: சிறை அறைக்கு எந்த மெத்தை?

சிறைச்சாலை, சீர்திருத்த இல்லம் போன்ற இடங்களுக்கு மெத்தை வாங்குகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். கேட்டவர்களின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

கேள்வி: 400 மெத்தை வாங்க வேண்டும். மூன்று சாம்பிள் வந்திருக்கிறது: ரெக்சின் உறை போட்ட ஃபோம், ரெக்சின் உறைக்குள் அழுத்திய பாலியஸ்டர் பஞ்சு, தடித்த துணி உறைக்குள் பருத்திப் பஞ்சு. எதை எடுப்பது?

துணி உறையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வியர்வை, சிறுநீர், ரத்தம் எதுவானாலும் துணி வழியாக இறங்கிவிடும். பஞ்சுக்குள் இறங்கியதை எந்த மருந்து போட்டும் வெளியே எடுக்க முடியாது.

மற்ற இரண்டில், உள்ளே என்ன என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஓரத்தைப் பாருங்கள். வீட்டு மெத்தை அமுங்கிப்போய்ப் பாழாகும். சிறை மெத்தை பெரும்பாலும் ஓரம் பிரிந்துதான் பாழாகும். 190 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலமுள்ள மெத்தையின் சுற்றளவு 520 செ.மீ. மேலே ஒரு தையல், கீழே ஒரு தையல் என்றால் 1,040 செ.மீ. ஒரு செ.மீ.க்கு 3 தையல் என்று வைத்தாலும் 3,000க்கு மேல் ஊசித் துளைகள். ஒவ்வொன்றும் ஈரம் போகும் வழி. உறுதிக்காக நெருக்கமாகத் தைத்தால் இன்னும் மோசம்: அஞ்சல் தலை ஓரம்போல வரிசையாகத் துளை விழுந்து, இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஆகவே தைக்காமல் சூட்டில் உருக்கி ஒட்டிய ஓரம் கேளுங்கள். தையல்தான் கிடைக்கும் என்றால் மடிப்பு உள்பக்கம் போயிருக்க வேண்டும், நைலான் நூலாக இருக்க வேண்டும், தையலின் மேல் உள்ளிருந்து பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், ஈரத்தில் அழுகும்.

அடுத்தது உறைத் துணி. சாம்பிளிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஓரத்தில் பிளேடால் 1 செ.மீ. கீறி, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் துணியே இல்லாத வெறும் பிளாஸ்டிக் தாள் சர்ரென்று கடைசிவரை போய்விடும். பனியன் துணிபோலப் பின்னிய முதுகுத் துணி இருந்தால் இழுபட்டு இழுபட்டுக் கிழியும். கட்டம் கட்டமாக நெய்த நைலான் அல்லது பாலியஸ்டர் வலை பதித்த ரெக்சின் ஓரிரு கட்டத்தோடு நின்றுவிடும். மூன்றாவதுதான் வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் 'கனமான ரெக்சின்' என்று எழுதாதீர்கள். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், உள்ளே நெய்த வலை என்று எழுதுங்கள். 340 முதல் 475 கிராம் வரை இந்த வேலைக்குச் சரியான எடை.

உள்ளே ஃபோமா, பாலியஸ்டரா? ஃபோம் உடம்புக்கு இதம். ஆனால் உறை கிழிந்தால் விரலாலேயே பிய்த்து எடுக்கலாம். பிய்த்தது கழிப்பறைக் குழாயை அடைக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். சூட்டில் அழுத்திய பாலியஸ்டர் பாளத்தைப் பிய்ப்பது சிரமம். அதன் குறை, நாள்பட நாள்படச் சப்பையாவது; இரும்புப் படுக்கையில் இடுப்பெலும்பு படும் இடத்தில் முதலில் தெரியும். உடைத்துப்போடும் ஆட்கள் அதிகமுள்ள பிரிவுக்குப் பாலியஸ்டர், முதியோரும் நோயாளிகளும் இருக்கும் பிரிவுக்குத் தீத்தடுப்பு ஃபோம் என்று பிரித்து வாங்குவது எங்கள் யோசனை. 400ம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கேள்வி: சாம்பிள் நன்றாக இருந்தது. வந்து இறங்கிய சரக்கு அதே தரமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தராசு போதும். 190 × 70 × 10 செ.மீ. என்றால் 0.133 கன மீட்டர். அடர்த்தி 40 (கன மீட்டருக்கு 40 கிலோ) என்று சொல்லியிருந்தால் ஃபோம் மட்டும் 5.3 கிலோ இருக்க வேண்டும். 28 அடர்த்திச் சரக்கைத் தள்ளிவிட்டிருந்தால் 3.7 கிலோதான் வரும். உறையின் எடையைத் தனியே கழித்துக்கொள்ளுங்கள். கையால் அமுக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்யலாம், ஆனால் சீக்கிரம் நொறுங்கும். ஒரு எச்சரிக்கை: தீத்தடுப்புக்காக மெலமைன் தூள் கலந்த ஃபோம் அந்தத் தூளாலேயே கனக்கும். அதற்கு, தூளைக் கழித்த அடர்த்தி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: 'தீப்பிடிக்காத மெத்தை' என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?

அப்படி ஒரு மெத்தை கிடையாது. தீ மெதுவாகப் பிடிக்கும், குறைந்த வெப்பம் விடும் மெத்தைதான் உண்டு. பூட்டிய அறையில் அந்தச் சில நிமிடங்கள்தான் உயிர். 1977 ஜூனில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மோரி மாவட்டச் சிறையில் ஒரு அறையின் சுவர் மெத்தைக்கு வைத்த தீயில் 42 பேர் இறந்தார்கள். நச்சுப் புகை காற்றுக் குழாய்கள் வழியே மற்ற அறைகளுக்குப் போனது. பாலியூரித்தேன் ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும்.

சான்றிதழில் எந்தச் சோதனை என்று பாருங்கள். எரியும் சிகரெட்டை வைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் என்றால் போதாது. அமெரிக்காவின் 16 சி.எஃப்.ஆர். 1633 என்ற அரசு விதி (2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது) வாயுச் சுடரைக் காட்டிச் சோதிப்பது: 30 நிமிடத்தில் வெப்பம் வெளிவரும் உச்ச வேகம் 200 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது, முதல் 10 நிமிடத்தில் வெளிவரும் மொத்த வெப்பம் 15 மெகாஜூலைத் தாண்டக் கூடாது. இது வீட்டு மெத்தைக்கும் பொருந்தும் அளவு. கலிஃபோர்னியாவின் 129ஆம் தொழில்நுட்ப அறிக்கை பொது இடங்களுக்கானது. அதில் உச்சம் 100 கிலோவாட்தான். பிரிட்டனின் பி.எஸ். 7177 இடத்துக்கு ஏற்ப அபாயத்தைக் குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று பிரிக்கிறது. வீட்டுக்கான 'குறைவு' சான்றோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

இதிலெல்லாம் நழுவும் ஒரு விஷயம்: சோதனைக்குப் போவது புத்தம் புது மெத்தை. அறையில் கிடப்பதோ கிழிந்தது. எனவே உறையில் 10 செ.மீ. கிழித்து, உள்பொருள் வெளியே தெரியும்படி வைத்தும் சோதிக்கச் சொல்லுங்கள். போரிக் அமிலம் ஏற்றிய பருத்திக்கு இன்னொரு குறை உண்டு. அந்த அமிலம் தண்ணீரில் கரையும். பல தடவை நனைந்தால் தடுப்பும் போய்விடும்.

கேள்வி: ஒட்டிய ஓரமுள்ள மெத்தைதான் வாங்கினோம். ஆறே வாரத்தில் ஓரம் வெடித்துவிட்டது. ஏன்?

காற்று போக வழி இல்லை. ஃபோமுக்குள் பெரும்பகுதி காற்றுதான். ஆள் பொத்தென்று உட்கார்ந்தால் அது எங்காவது போயாக வேண்டும். தைத்த மெத்தையில் ஊசித் துளை வழியே கசிந்துவிடும். ஒட்டிய மெத்தையில் பலூன்போல உப்பி, பலவீனமான மூலையில் விட்டுவிடும். சின்னக் காற்றுத் துளைகள், நுண்வலை போட்டு, கால்மாட்டுப் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். மேல்பரப்பில் இருந்தால் ஈரம் அதற்குள்ளேயே இறங்கும். வலை இல்லாவிட்டால் பூச்சி குடியேறும்.

கட்டிலையும் ஒருமுறை அளந்து பாருங்கள். விளிம்பு தூக்கிய இரும்புத் தட்டில் மெத்தை 1 முதல் 2 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும். பெரியதைத் திணித்தால் ஓரம் சுருண்டு, விளிம்பில் உரசி உரசித் தேயும்.

கேள்வி: பிளீச்சிங் போட்டுக் கழுவினால் ரெக்சின் வெடிக்கிறது. போடாவிட்டால் நாற்றம். என்ன செய்வது?

மருந்தில் தவறில்லை, மருந்தை அலசாமல் விடுவதுதான் தவறு. குளோரின் காய்ந்து படிந்தால் ரெக்சினின் மென்மை போய் விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சுள்ள உறையாக இருந்தால் பூச்சே உரிந்து வரும். ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைப்பதும் அதே கதிதான்.

முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்து அலசுங்கள். அழுக்கின் மேல் குளோரின் வேலை செய்யாது. சிறுநீர் மேல் நேராக ஊற்றினால் நச்சு வாயு வரும். அமிலத் திரவம் எதனோடும் கலக்கவே கூடாது. 5 சதவீதக் குளோரின் திரவம் 20 மி.லி.யை 980 மி.லி. தண்ணீரில் கலந்தால் 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) குளோரின் வரும். துணியால் தடவி, 10 நிமிடம் ஈரமாகவே இருக்க விடுங்கள். தடவிய கையோடு துடைத்தால் பயனில்லை. ரத்தம் படிந்ததற்கு அதே திரவம் 100 மி.லி.க்கு 900 மி.லி. தண்ணீர். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்தெடுத்து, மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள். குழாயால் பீய்ச்ச வேண்டாம். காற்றுத் துளை வழியே உள்ளே போகும். கலவை அன்றன்றைக்குப் புதிதாக இருக்கட்டும். ஒரு ஆள் விடுதலையாகி, அடுத்தவர் வருவதற்குள் இது நடந்தாக வேண்டும்.

கேள்வி: மூட்டைப்பூச்சிக்கு மெத்தை மேல் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள். சரியா?

பூட்டிய அறையில் எரிபொருளைத் தெளித்த மெத்தையா? உடனே நிறுத்துங்கள்.

மூட்டைப்பூச்சி 5 மி.மீ. நீளம், பட்டினி கிடந்தால் தட்டையாகி, தையல் மடிப்பு, லேபிளின் அடி, கட்டில் போல்ட் துளை, சுவர் வெடிப்பு எங்கும் நுழையும். முட்டை 1 மி.மீ., ஒட்டிக்கொண்டிருக்கும், துடைத்தால் வராது. வழவழப்பான, மடிப்பில்லாத உறையில் அதற்கு இடமில்லை. ஆனால் மெத்தையை மட்டும் மாற்றிக் கட்டிலை அப்படியே விட்டால் செலவுதான் மிச்சம். போல்ட் துளைகளையும் சுவர் வெடிப்புகளையும் அடையுங்கள். விரிப்புகளை 60 டிகிரியில் துவையுங்கள். மெத்தையைச் சூடேற்றுவதானால் நடுப்பகுதி 50 டிகிரியைத் தாண்டி 2 மணி நேரம் நிற்க வேண்டும். ஃபோம் சூட்டைத் தடுக்கும் என்பதால் வெளியே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு மெத்தைக்கும் எண் போட்டு, அறை மாற்றும்போது குறித்துவையுங்கள். பூச்சி எந்த வழியாகப் பரவுகிறது என்று அந்தக் குறிப்பேடு காட்டிக்கொடுக்கும்.

சிரங்கு வேறு கதை. அந்த உண்ணி மனித உடம்பை விட்டு 2, 3 நாளுக்கு மேல் பிழைக்காது. ரெக்சின் மெத்தையைத் துடைத்து 3 நாள் தனியே வைத்தாலே போதும். அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போடுவதுதான் முக்கியம்.

கேள்வி: கண்ணாடிபோல உள்ளே தெரியும் உறை நல்லதா?

சோதனையிட வசதி. மறைத்துவைத்த பொருளும், உள்ளே இறங்கிய கறையும் பார்த்ததும் தெரியும். ஜிப் வைத்த உறையைத் தவிர்த்துவிடுங்கள். பொருளை ஒளித்துவைக்கச் சிறந்த பை அதுதான்.

கேள்வி: தரையில், வெறும் விரிப்பில் படுக்கவைக்கிறார்கள். மெத்தை கேட்க உரிமை உண்டா? (சிறைவாசியின் உறவினர்)

ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 21ஆவது விதி இது: ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கை, போதுமான விரிப்புகள், கொடுக்கும்போது சுத்தமாக, சுத்தம் கெடாதபடி அடிக்கடி மாற்றி. 'உள்ளூர் அல்லது தேசியத் தரத்துக்கு ஏற்ப' என்ற சொற்களும் அதில் உண்டு. எனவே உங்கள் நாட்டின் சிறை விதிகளைப் பார்த்து, இரண்டையும் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மெத்தையை எப்போது கழிப்பது?

ஆண்டுக் கணக்கு வேண்டாம், சோதித்துக் கழியுங்கள். இரண்டு கையையும் கோத்து இடுப்புப் பகுதியில் முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். இரும்பு தட்டுப்பட்டால் முடிந்தது. புதிதாக வந்த அன்று எடையை எண்ணோடு குறித்துவைத்திருந்தால் இப்போது நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் கூடியிருந்தால் கூடியது தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்கோ இருக்கிறது. அடிப்பக்கத்தில் பூஞ்சை கண்டால், கட்டில் தட்டில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சிமென்ட் மேடையில் போடுவதானால் தினமும் காலையில் நிமிர்த்திச் சாய்த்துவைக்க வேண்டும். சின்னக் கிழிசலுக்கு அதே ரெக்சினில் ஒட்டுப் போடலாம். ஓரம் பிரிந்ததற்கு ஒட்டு நிற்காது.

கழித்ததைக் கிடங்கில் முழுதாக வைக்காதீர்கள். உறையைக் குறுக்கே வெட்டிவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் கூட்டம் கூடும் நாளில் அதுவே அறைக்குத் திரும்பி வரும்.