இடுப்புத்தளத் தசைகள்: இயன்மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி (வெள்ளவத்தை): மிஸ், இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் சொட்டுகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு இது வழமைதான் என்கிறார் மாமி. பயிற்சி செய்தால் நிற்குமா?

பதில்: பலருக்கும் வருவது உண்மைதான், அதற்காகச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஏணை போலத் தொங்கி, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இழுபட்டுத் தளர்ந்துவிடுகின்றன. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவதால் அவை பலம் பெறுவதில்லை. அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னோல்ட் கெகல் 1948இல் எழுதிய பயிற்சியே இன்றும் முதற் சிகிச்சை.

வாயு வெளியேறாமல் அடக்குவது போலப் பின்புறத்தை ஒடுக்கி, அதே இழுப்பில் முன்புறத்தையும் உள்ளே மேல்நோக்கி உயர்த்துங்கள். பிட்டமும் தொடையும் இறுகினாலோ, மூச்சு அடைபட்டாலோ, நீங்கள் பிடித்திருப்பது வேறு தசை. 6 முதல் 8 விநாடிகள் பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்தி, ஒரு தடவைக்கு 8 முறையாக நாளுக்கு 3 தடவைகள், குறைந்தது 3 மாதங்கள் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் மூன்றாம் வாரத்திலேயே கைவிட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். தும்மல் வருவதை உணர்ந்தவுடன் தசையை ஒருமுறை இறுக்கிக்கொள்ளவும் பழகுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சிறுநீர் கழிக்கும்போதே இடையில் நிறுத்திப் பழகலாமா?

பதில்: வேண்டாம். சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாவதை அது குழப்பிவிடும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): இரண்டு மாதங்களாகத் தவறாமல் செய்கிறேன். இப்போது அடிவயிறு வலிக்கிறது, தாம்பத்திய உறவிலும் வலி, சிறுநீர் கழிக்கவும் முக்க வேண்டியிருக்கிறது.

பதில்: பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். தளர்ந்த தசைக்கு உரிய பயிற்சியை, ஏற்கெனவே இறுகிப்போன தசைக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. இறுகியே கிடக்கும் தசையும் பலவீனமானதுதான். முழுவதும் தளரத் தெரியாத தசையால் முழுவதும் சுருங்கவும் முடியாது. முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து, மூச்சு உள்ளே செல்லும்போது வயிறு உயர்வதையும் இடுப்புத்தளம் கீழிறங்குவதையும் உணர்ந்து பாருங்கள். சிறுநீர்த்தொற்று இல்லையென்று வைத்தியர் உறுதிசெய்த பிறகு, இத்துறையில் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் ஒருவர் தசையைப் பரிசோதிப்பது அவசியம்.

கேள்வி (மட்டக்குளி): அப்பாவுக்குப் புரஸ்டேட் சத்திரசிகிச்சை முடிந்தது. ஆண்களுக்கும் இப்பயிற்சி உண்டா?

பதில்: உண்டு. சிறுநீர் வடிவதற்காகப் பொருத்திய குழாயை (கதீற்றர்) அகற்றிய பிறகே தொடங்க வேண்டும். சரியாகச் செய்தால் ஆணுறுப்பின் அடிப்பகுதி சற்று உள்வாங்கி விதைகள் மேலெழுவதைக் காணலாம். பெண்களுக்கு இல்லாத வசதி இது!

கேள்வி (கிராண்ட்பாஸ்): எனக்கு 58 வயது. கருப்பை இறங்கியிருப்பது போலக் கனமாக இருக்கிறது. சத்திரசிகிச்சைதான் வழியா?

பதில்: இறக்கம் சிறிதாயின் பயிற்சியே கனத்தைக் குறைக்கக்கூடும். அதற்கு மேற்பட்டால் கருப்பையைத் தாங்குவதற்கு யோனிக்குள் பொருத்தும் பெசரி வளையம் இருக்கிறது; சத்திரசிகிச்சை அதன் பின்னர் யோசிக்க வேண்டியது. மலச்சிக்கலையும் நாட்பட்ட இருமலையும் கவனிக்காமல் பயிற்சி மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். உங்கள் பகுதியின் சுகவனிதையர் கிளினிக்கில் காட்டினால் உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டிருந்தால் மட்டும் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.